முடுக்குக் காற்று: நெல்லைச் சீமையில் ஒரு கடலோடியின் நாட்குறிப்பு

திங்கள், பாளையங்கோட்டை

செப்டம்பரில் பிரான்சின் லோரியான் துறைமுகத்துக்குப் போகிறேன். குளிர்காலம் முழுக்க அங்கே பயிற்சி. அது முடிந்ததும் தகுதிப் பயணம். எல்லாம் சரியாக நடந்தால் 2027-ல் மினி டிரான்ஸாட் பந்தயம். அதற்கு முன்னால் கையில் இருக்கும் இந்த ஆனி மாதத்தை அப்பாவின் ஊர்ப்பக்கம் கழிக்க வந்திருக்கிறேன். பாய்ப்படகு பழகியது சென்னையில்தானே, அங்கேயே பயிற்சி எடுக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு இப்போது வேண்டியது நெல்லைச் சீமையின் ஆனிக் காற்று. ஏன் என்பதை இந்த வாரம் தினமும் எழுதப் போகிறேன்.

முதலில் பந்தயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மினி டிரான்ஸாட், ஒற்றை ஆளாக அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயம். 1977-ல் இங்கிலாந்தின் பென்சான்ஸ் ஊரில் தொடங்கியது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிறது. படகின் நீளம் 6.5 மீட்டர், அகலம் அதிகபட்சம் 3 மீட்டர். உவரிக் கரையில் கிடக்கும் ஃபைபர் வள்ளங்களில் பல இதைவிட நீளமானவை. இந்தப் படகில் பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள லெ சாப்ல் டொலோனில் கிளம்பி, பிஸ்கே விரிகுடாவைத் தாண்டி, போர்ச்சுக்கல் பக்கமாகத் தெற்கே இறங்கி, கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவில் ஒரு நிறுத்தம். அங்கிருந்து இரண்டாம் கட்டம், நேராகக் கரீபியன் கடலின் குவாதலூப் வரை. மொத்தம் சுமார் 4,050 கடல் மைல். இரண்டாம் கட்டம் மட்டும் 2,700 மைல். நேர் பாதையில் ஒதுங்க ஒரு திட்டுக்கூடக் கிடையாது.

பெயர் கொடுத்தால் மட்டும் போதாது. 1,000 கடல் மைல் தனியாக, எங்கும் நிற்காமல் ஓட்டிக்காட்ட வேண்டும். அது போக மற்றப் பந்தயங்களில் 1,500 மைல் சேர்க்க வேண்டும். பந்தயத்தின்போது சேட்டிலைட் போன் கிடையாது. கரையிலிருந்து யாரும் 'இந்தப் பக்கம் போ, அங்கே காற்று நல்லாயிருக்கு' என்று யோசனை சொல்லக் கூடாது. ரேடியோவில் வானிலை அறிக்கை வாசிப்பார்கள். அதைக் காதால் கேட்டு எழுதிக்கொண்டு, மேகத்தையும் பாரமானியையும் பார்த்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று நாமே தீர்மானிக்க வேண்டும். எலன் மெக்ஆர்தர் 1997-ல் தன் 21-வது வயதில் இதை ஓட்டினார். பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து முதல் படகை வாங்கியவர் அவர். மூன்று வருஷம் கழித்து, உலகத்தைத் தனியாக, நிற்காமல் சுற்றும் வாந்தே குளோப் பந்தயத்தில் கிளம்பி இரண்டாவதாக வந்தார். பெரிய பந்தயங்களுக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் இந்தச் சின்னப் படகில் பழகினவர்கள்தான்.

இன்றைக்குப் பயணம் எதுவும் இல்லை. தூக்கப் பயிற்சி மட்டும். தனி ஆள் படகில் இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரேயடியாகத் தூங்குவது ஆபத்து. கணக்கு எளிமையானது. படகில் உட்கார்ந்திருப்பவருக்கு அடிவானம் இரண்டு மூன்று மைலில் முடிந்துவிடும். கப்பல் உயரமாக இருப்பதால் அதற்கு அப்பாலும் கொஞ்ச தூரம் தெரியும். மணிக்கு 20 மைல் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல், கண்ணில் பட்ட இடத்திலிருந்து நம் மேல் ஏற இருபது நிமிஷம் போதும். அதனால் சுக்கானைத் தானியங்கிக் கருவியிடம் விட்டுவிட்டு இருபது நிமிஷம் கண்ணை மூடி, அலாரம் அடித்ததும் எழுந்து சுற்றிலும் பார்த்து, பாயைச் சரிசெய்து, மறுபடி படுக்க வேண்டும். கிளாடியோ ஸ்டாம்பி என்ற ஆராய்ச்சியாளர் தனிக் கடலோடிகளின் இந்தத் துண்டுத் தூக்கத்தைப் பல வருஷம் ஆராய்ந்தார். எலன் மெக்ஆர்தருக்கும் அவர்தான் யோசனை சொன்னார்.

ஆச்சி வீட்டுத் திண்ணையில் நேற்று ராத்திரி இதைத்தான் செய்தேன். ஒவ்வொரு அலாரத்துக்கும் ஆச்சியும் விழித்துக்கொண்டாள். "ஏ பிள்ளே, இது என்ன கோழித் தூக்கம்? வயசுப் பிள்ள நல்லாத் தூங்க வேண்டாமா?" என்றாள். விடிகாலையில் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்து, "அந்தக் கடல்ல இத யாரு உனக்குப் போட்டுத் தருவா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய், நாங்குநேரியிலிருந்து காவல்கிணறு வரை

இந்த வாரத்தின் முக்கியமான நாள் இதுதான். கையடக்கக் காற்றுமானி ஒன்றை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் ரோட்டில் ஊர் ஊராக இறங்கி ஏறினேன். பஸ் நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, மரமும் கட்டடமும் மறைக்காத இடமாகப் பார்த்து நின்று, பத்து நிமிஷம் அளந்து எழுதினேன். கடலில் காற்றை நாட் கணக்கில் சொல்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

நாங்குநேரி விலக்கில் 9 நாட். வள்ளியூர் தாண்டி 14. பணகுடியில் காற்று நிலையாக இல்லை: ஒரு நிமிஷம் 6, அடுத்த நிமிஷம் 19, திசையும் மாறிக்கொண்டே இருந்தது. காவல்கிணற்றில் இறங்கியபோது தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 24 நாட், இடையிடையே 31 வரை எகிறியது. மொத்த தூரம் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதே நாள், அதே வானம், அதே தென்மேற்குப் பருவக்காற்று.

காரணம் மேற்கே நிற்கிறது. பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து கிளம்பி வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. இந்தத் தெற்கு மூலையில் மகேந்திரகிரி 1,645 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. மலை மேல் ஏற முடியாத காற்று, வழி தேடி இடைவெளிகளில் நுழைகிறது. வடக்கே பாலக்காட்டுக் கணவாய், நடுவில் செங்கோட்டைக் கணவாய், தெற்கே ஆரல்வாய்மொழி. ஆச்சி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே உள்ள முடுக்கில் எந்நேரமும் காற்று பிய்த்துக்கொண்டு போகும், தெருவில் இலை அசையாதபோதுகூட. ஆரல்வாய்மொழியும் அப்படி ஒரு முடுக்குதான், இரு பக்கமும் வீட்டுக்குப் பதில் மலை.

காவல்கிணற்றிலிருந்து ராதாபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைகள். தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை முதலில் வந்தது 1986-ல், தூத்துக்குடி பக்கத்து முள்ளக்காட்டில். இன்று இந்தப் பக்கம் காற்றாலை இல்லாத அடிவானமே இல்லை. எனக்கு அவை வேறு காரணத்துக்காகப் பிடிக்கும். ஒவ்வொரு காற்றாலையும் காற்று வரும் திசையைப் பார்த்துத் தானாகத் திரும்பி நிற்கும். அதனால் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பல மைல் பரப்பில் காற்று எந்தெந்த இடத்தில் எப்படித் திரும்புகிறது என்று படிக்கலாம். கடலில் இந்த வசதி கிடையாது. கணவாய்க்கு நேர் எதிரே உள்ளவை மேற்கைப் பார்த்து நின்றன. வடக்கே தள்ளி நின்றவை கொஞ்சம் தென்மேற்காகவும், தெற்கே கடலோரம் நின்றவை கொஞ்சம் வடமேற்காகவும் திரும்பியிருந்தன. முடுக்கை விட்டு வெளியே வந்த காற்று இரு பக்கமும் விரிந்து போகிறது. நோட்டில் அம்புக்குறியாக வரைந்து வைத்திருக்கிறேன்.

இதற்கும் அட்லாண்டிக்குக்கும் என்ன சம்பந்தம்? கேனரித் தீவுகளில் இதே விஷயம் கடல் மேல் நடக்கிறது. அங்கே வடகிழக்கு வணிகக்காற்று வருஷத்தின் பெரும்பகுதி அடிக்கும். டெனரீஃப் தீவில் டெய்டே மலை 3,715 மீட்டர். காற்று தீவுகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு ஓடும்போது திடீரென்று 10, 15 நாட் கூடிவிடும். தீவின் மறைவிலோ பல மைல் தூரத்துக்குக் காற்றே இருக்காது. வந்தாலும் எல்லாப் பக்கமிருந்தும் வரும். இன்று பணகுடியில் நான் அளந்த அந்தக் குழப்பமான காற்று, மலை மறைவும் முடுக்கும் சந்திக்கிற விளிம்பு. பந்தயத்தில் பலரின் நிலை மாறுவது அந்த மாதிரி விளிம்பில்தான். தப்பான பக்கம் போனவர் பாய் தொங்கக் கிடப்பார். ஐந்து மைல் தள்ளிப் போனவர் பறந்துவிடுவார்.

இன்னொரு கணக்கும் மனசில் இருக்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகிறது. காற்றாலை தரும் சக்தியோ எட்டு மடங்கு. வள்ளியூர்க் காற்றுக்கு விரித்த பாயோடு காவல்கிணற்றுக் காற்றுக்குள் நுழைந்தால் படகு சாய்ந்துவிடும். முடுக்கு வருவதற்கு முன்பே பாயைச் சுருக்க வேண்டும். நீர்ப்பரப்பு கறுத்து, நுரைக்கோடு தெரிகிற இடத்துக்கு அரை மைல் முன்னாலேயே.

ராத்திரி தங்கல் உவரியில், அப்பாவின் சித்தப்பா வீட்டில். சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்திருந்தார்கள்.

புதன், கூட்டப்புளியும் உவரியும்

காலையில் கூட்டப்புளிக்குப் போனேன். இங்கே ஆனி, ஆடியில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். கரையில் நின்றால் தண்ணீர் பரந்து அமைதியாக இருக்கிறது. ஆனால் தெற்கே தூரத்துப் புயல்களிலிருந்து வரும் நீண்ட அலை மட்டும் மெதுவாக எழும்பி எழும்பி வந்து மணலில் விழுகிறது. சில நாள் இந்த அலை முன்னறிவிப்பில்லாமல் கரை ஏறிவிடும். கள்ளக்கடல் என்று அதற்கு எச்சரிக்கை விடுவது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம், இந்தக் காற்றில் பாய்ப்படகு ஓட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். இளவயதில் கட்டுமரத்தில் பாய் கட்டிப் போனவர் அவர். "கரையில நின்னு பாத்தா கடல் படுத்துக் கெடக்கும் பிள்ளே. இருவது பாகத்துக்கு அங்கிட்டுப் போனாத்தான் அதோட குணம் தெரியும்" என்றார். பாகம் என்பது கடலாழத்தின் அளவு. பிறகு கேட்டார், "ஒத்தையிலயா போற? கூட யாரும் இல்லாமலா?"

"ஆமா தாத்தா."

"பேச்சுத் துணைக்கு?"

"ரேடியோ இருக்கு. அது பேசும், நான் கேக்கணும்."

அவர் கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துவிட்டு, தன் மகனின் வள்ளத்தில் என்னை ஏற்றிவிடச் சொன்னார்.

அவர் சொன்னது அளவில் வந்தது. கரையில் 8 நாட். அரை மைலில் 12. இரண்டு மைலில் 19, வெள்ளை நுரை தெரிந்தது. மணல்மேடும் பனங்காடும் காற்றைத் தூக்கி எறிகின்றன. அது கடலில் தள்ளிப் போய்த்தான் மறுபடி நீரில் இறங்குகிறது. கரையோரக் காற்றை நம்பிச் சின்னப் பாய்ப்படகில் கிளம்புகிறவர், திரும்ப வேண்டிய நேரத்தில் எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்வார். கரை பக்கத்தில்தான் இருக்கும், போய்ச் சேர முடியாது. வள்ளத்தில் இருந்த அண்ணன் இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டார். பத்தே நிமிஷத்தில் கரையின் தென்னைகள் கண்ணுக்குத் தெரியச் சிறுத்தன.

திரும்பி வரும்போது அவர் ஒக்கியைப் பற்றிப் பேசினார். 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையின் குரல் எட்டவில்லை. குமரிக் கரையில் எத்தனையோ வீடுகள் ஆளில்லாமல் போயின. நான் போகும் பந்தயத்திலும் கரையின் குரல் குறைவுதான். ஆனால் எனக்கு, ஆபத்தில் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அவசர பீக்கன் இருக்கிறது, உயிர்காப்புப் படகு இருக்கிறது, மூழ்காதபடி நுரைப்பொருள் அடைத்த படகு இருக்கிறது, படகு கவிழ்ந்தால் வெளியே வரப் பின்பக்கம் ஒரு கதவும் இருக்கிறது. இவை இல்லாமல் படகைப் பந்தயத்தில் சேர்க்கவே மாட்டார்கள். தினமும் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இதில் பாதியாவது கட்டாயம் கிடைக்க வேண்டும் என்று அங்கே உட்கார்ந்தபோது எனக்குத் தோன்றியது. விளையாட்டுக்குப் போகிறவளுக்கு இத்தனை பாதுகாப்பு, வயிற்றுப்பாட்டுக்குப் போகிறவருக்கு இல்லை என்பது சரியே இல்லை.

சாயங்காலம் உவரியில், கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா கோவில் முன்னால் மீன் விற்கும் அத்தைகளோடு உட்கார்ந்திருந்தேன். பொம்பளப் பிள்ளை ஆழ்கடலுக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியைப் பற்றிச் சொன்னேன். கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் அவரும், இரண்டே பேராக, தாரிணி என்ற பாய்ப்படகில் 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பி, உலகத்தைச் சுற்றி 2025 மே 29-ல் திரும்பினார்கள். "எட்டு மாசமா? பாயிலயேவா?" என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டார். கிளம்பும்போது ஒரு பொட்டலம் கருவாடு கையில் திணித்துவிட்டார், காசு வாங்கவில்லை.

வியாழன், மணப்பாடு

உவரியிலிருந்து மணப்பாடு போகிற வழியெல்லாம் பனை. உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் சிவந்த தேரி மணல். பல ஆயிரம் வருஷமாக இந்தத் தென்மேற்குக் காற்று மலையடிவாரத்திலிருந்து மண்ணை அள்ளி வந்து குவித்த மேடுகள் அவை. செவ்வாய்க்கிழமை நான் அளந்த காற்றின் கைவேலை.

மணப்பாட்டில் ஒரு குன்று கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதன் மேல் திருச்சிலுவைக் கோவில், கலங்கரை விளக்கம். குன்றுக்கும் மணல்திட்டுக்கும் பின்னால் அலை அடங்கிய குடா. பாய்ப்படகு பழக இந்தப் பக்கம் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தோழி ஒருத்தி தன் சின்னப் படகை டிரெய்லரில் கொண்டுவந்திருந்தாள். அவள் பாதுகாப்புக்கு வள்ளத்தில் பின்னால் வர, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டினேன்.

வேகத்துக்காக ஓட்டவில்லை. தனி ஆளுக்கு வேண்டிய வேலைகள் வேறு. படகைக் காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்தி, பெரிய பாயைச் சுருக்கிக் கட்டி, மறுபடி ஓட வைப்பது. அதையே கண்ணை மூடிக்கொண்டு செய்வது, ஏனென்றால் அட்லாண்டிக்கில் இது பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வரும். எந்தக் கயிறு எங்கே முடிகிறது என்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கை படகுக்கு, ஒரு கை நமக்கு என்பது எல்லாக் கடலோடிகளும் சொல்வது. ஒற்றை ஆளுக்கு அது உயிர் விஷயம். தண்ணீரில் விழுந்துவிட்டால், தானியங்கிச் சுக்கானோடு படகு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டாமல் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை என்று, இந்தக் குடாவில்கூட, பிடிவாதமாகக் கடைப்பிடித்தேன். வெயிலில் கயிறு தடுக்கிக்கொண்டே இருந்தது. பரவாயில்லை, பழகட்டும்.

மதியம் குன்றின் மேல் ஏறினேன். அந்தச் சிலுவையைப் பற்றி ஊர் வழக்கு ஒன்று உண்டு. 1540 வாக்கில் ஒரு போர்த்துக்கீசியக் கப்பல், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பக்கம் புயலில் மாட்டிப் பாய்மரம் முறிந்து, எப்படியோ தப்பித்து இங்கே வந்து சேர்ந்ததாம். அதன் தலைவர் நேர்ந்துகொண்டபடி முறிந்த மரத்தில் சிலுவை செய்து குன்றில் நட்டாராம். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்கிய குகை அடியில் இருக்கிறது.

முறிந்த மரத்தோடு ஒருவர் எப்படிக் கரை சேர்கிறார் என்பது எனக்கு வெறும் கதையாக இல்லை. அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் மும்பையில் கிளம்பி 2013 மார்ச்சில் திரும்பி, உலகத்தைத் தனியாக நிற்காமல் சுற்றிய முதல் இந்தியர் ஆனார். உலகத்தைத் தனியாகச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் அவர் படகு உருண்டு பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தவரை ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் வந்து மீட்டது. அதே மனிதர் 2022-ல் அதே பந்தயத்தில் மறுபடி கிளம்பி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். இன்னொருவர் பிரான்சின் ஈவ் பார்லியே. 2000-ல் தொடங்கிய வாந்தே குளோபில் மரம் முறிந்ததும், நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவில் நங்கூரம் போட்டு, யார் உதவியும் இல்லாமல் முறிந்த துண்டுகளை ஒட்டினார். பசை இறுக வேண்டிய சூட்டுக்கு மின்விளக்குகளைப் பயன்படுத்தினார். சாப்பாடு குறைந்தபோது கடல்பாசியைத் தின்று பந்தயத்தை முடித்தார்.

அதனால் மதியத்துக்கு மேல் வேறு பயிற்சி. பாதி உயரத்தில் மரம் முறிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, துடுப்பையும் ஒரு மூங்கிலையும் சேர்த்துக் கட்டி, சின்னப் பாயைத் தலைகீழாக மாட்டி ஓட்டிப் பார்த்தேன். படகு நகர்ந்தது. காற்றின் போக்கிலும் கொஞ்சம் பக்கவாட்டிலும் போகும், காற்றை எதிர்த்துப் போகாது. மரம் போனால் எங்கே போக ஆசை என்பதைவிட, காற்று போகும் பக்கத்தில் எந்தத் துறைமுகம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு நாளும் வரைபடத்தில் அதைக் குறித்து வைக்க வேண்டும்.

வெள்ளி, உடன்குடி

உள்ளங்கை கொப்புளித்துவிட்டது, தோள் வலிக்கிறது. படகைக் கழுவி அனுப்பினோம். உடன்குடியில் கருப்பட்டியும் சுக்குப் போட்ட சில்லுக்கருப்பட்டியும் வாங்கினேன். ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் அடித்து எழும்போது வாயில் போட இதைவிட நல்லது இல்லை. பொட்டலத்தில் காற்றுப் புகாமல் இருந்தால் லோரியான் வரை தாங்கும்.

சனி, தூத்துக்குடி

பழைய துறைமுகத்தில் தோணிகள் கட்டிக் கிடந்தன. இப்போது எல்லாவற்றிலும் இன்ஜின். நான் பார்க்கப் போனவர், இன்ஜின் வருவதற்கு முன் பாயிலேயே கொழும்புக்கு ஓடியவர். பையனாகச் சமையல் வேலைக்கு ஏறி, தோணியின் தலைவரான தண்டல் வரை உயர்ந்தவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சுமார் 150 கடல் மைல். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி நீராவிக் கப்பல் விட்டது இதே பாதையில்தான். தோணிகள் அதற்கு முன்பும் ஓடின, அதற்குப் பின்னும் ஓடின.

"இந்த மாசம் ஓடுவீங்களா தாத்தா?" என்று கேட்டேன்.

"கச்சான் காத்து மூத்துட்டுன்னா தோணிய ஏத்திக் கட்டிருவோம். வீட்ல இருந்து பாய் தைப்போம், கயிறு திரிப்போம். கடலுக்குப் போற மாசத்தவிட அந்த மாசத்துலதான் வேலை சாஸ்தி."

நானும் இப்போது அந்த மாசத்தில்தான் இருக்கிறேன் என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்துவந்தார். முக்கோண முனையுள்ள பாய் ஊசிகள், மெழுகு பூசிய நூல், உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் தோல் பட்டை. நான் கொண்டுபோயிருந்த பழைய பாயில் வேண்டுமென்றே ஒரு கிழிசல் போட்டு, தைக்கச் சொல்லிக் கொடுத்தார். கிழிந்த ஓரத்தின் பிசிறை முதலில் வெட்டிவிட வேண்டும். ஒட்டுத்துணி கிழிசலைவிட ஒரு சாண் எல்லாப் பக்கமும் பெரிதாக இருக்க வேண்டும். நூல் ஓட்டம் பாயின் நெசவோடு ஒத்துப்போக வேண்டும். நான் பலமாக இருக்கட்டும் என்று நெருக்கி நெருக்கித் தைக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "இப்படி ஓட்டை போட்டா அந்த வரியிலயே கிழியும். துணிக்கு மூச்சு விட எடம் குடு."

என் பந்தயப் படகின் பெரிய முன்பாய் மெல்லிய நைலான். அதை முதலில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டுத்தான் ஓரம் தைக்க வேண்டும். உப்பு படிந்த துணியில் எந்தப் பசையும் பிடிக்காது. நல்ல தண்ணீரில் துடைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். தண்ணீரை அளந்து குடிக்கும் படகில் இதற்கென்று ஒரு பாட்டில் ஒதுக்க வேண்டும். இதை அவரிடம் சொன்னபோது நைலான் துண்டை வெகுநேரம் விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பாயில் தேக்கில் கட்டிய சுஹைலி என்ற படகில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969-ல், உலகத்தைத் தனியாக நிற்காமல் சுற்றிய முதல் மனிதரானார் என்று சொன்னேன். 312 நாள். "நம்ம ஓடாவி கட்டினதா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தச்சர்கள் யார், பலகை எவ்வளவு கனம், ஆணி செம்பா இரும்பா என்று கேள்வி மேல் கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

காற்றாலை வரைபடத்தையும் பணகுடி அளவுகளையும் காட்டினேன். நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "கரை தெரியிற மட்டும் காத்து கரையோடது. கரை மறைஞ்ச பொறவுதான் கடலோட காத்து. ரெண்டுக்கும் நடுவுல உள்ள எடத்துலதான் நாங்க ராத்திரி முழுக்க முழிச்சிருப்போம்." வானிலை வகுப்பில் பல மணி நேரம் உட்கார்ந்து நான் புரிந்துகொண்ட விஷயம் இது. அவர் சொன்ன இடத்தில் தூக்கக் கணக்கையும் சேர்த்துவிட்டார். தீவைத் தாண்டும் ராத்திரியில் தூங்கக் கூடாது என்றால், அதற்கு முந்தின பகலிலேயே தூக்கத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். என் தூக்க அட்டவணையில் இது இல்லை. இன்று ராத்திரி அதைத் திருத்தி எழுதுகிறேன்.

ஞாயிறு, அம்பாசமுத்திரம்

கடைசி அளவு மலைக்கு நேர் பின்னால். அம்பையில் ரயில்வே கேட்டைத் தாண்டி வயல் நடுவே நின்று அளந்தேன்: 3 நாட், சில நேரம் பூஜ்யம். மேற்கே அகத்தியர் மலை, 1,868 மீட்டர். சுற்றிலும் ஒரு காற்றாலை இல்லை. காவல்கிணற்றில் 24 நாட் அடித்த அதே பருவக்காற்றின் மறைவு இது. லா பால்மாவின் உச்சி 2,426 மீட்டர். அங்கே மறைவு இதைவிட நீளமாகத்தான் இருக்கும்.

பந்தயத்தின் இரண்டாம் கட்டம் அந்தத் தீவின் கிழக்குக் கரையில், சாந்தா குரூஸ் துறைமுகத்தில் தொடங்குகிறது. போக வேண்டியது மேற்கே. வடகிழக்குக் காற்றில் தீவின் மறைவு தென்மேற்கில் விழும். தெற்கு முனையைச் சுற்றியதும் உடனே மேற்கே திரும்புவது குறுக்கு வழி, ஆனால் அது நேராக அம்பைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். தெற்கே இன்னும் நெடுந்தூரம் இறங்கித் திரும்பினால் காற்று கிடைக்கும், மைல் கூடும். வரைபடத்தில் முனையிலிருந்து தெற்கே 40 மைலில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். லோரியானில் அந்தப் பாதையில் ஓடியவர்கள் இருப்பார்கள். முதல் வாரமே அவர்களிடம் நோட்டைக் காட்டி, 40 போதுமா, 60 வேண்டுமா என்று கேட்க வேண்டும்.